பெரியபொட்டலில் மண்வெட்டி இறங்கிய இடம்

2023 மே 16

எங்கள் இயக்குநர் இன்று மண் எடுத்தார். இந்த மையத்துக்கு வந்ததிலிருந்து அவர் மண்ணைத் தொட்டது இன்றுதான் என்பதால் புகைப்படக்காரர் முகேஷும் கூட வந்தான்.

டாக்டர் இன்பசேகரன். டாக்டர் பட்டம் வணிகவியலில். ஒத்தக்கடையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மண் ஆய்வு மையத்துக்கு வணிகவியல் டாக்டர் எதற்கு என்று கேட்கக் கூடாது. நான் கேட்டதில்லை. நான் இங்கே மண் வேதியியல் ஆய்வாளர், இன்னும் தற்காலிகம். தற்காலிகமாக இருப்பவர்களுக்குக் கேள்வி அதிகம் வராது.

போன இடம் பெரியபொட்டல். அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டல். வண்டல் என்றதும் எல்லோரும் நெல்வயலை நினைத்துக்கொள்கிறார்கள், இயக்குநர் உட்பட. மழை குறைந்த சீமையின் வண்டல் வேறு. மேலே பொருக்குத் தட்டி, சுட்ட ஓடு மாதிரி கிடக்கும். இடுக்கில் கொழுக்கட்டைப்புல்லும் அருகம்புல்லும் தலைகாட்டும். அதை ஆடு மேயும். அது மேய்ச்சல் புறம்போக்கு. அதைத்தான் வேலி போட்டு அடர்வனம் ஆக்கப் போகிறோம். பெரிய கம்பெனி ஒன்று செலவை ஏற்கிறது. அதற்கு முன்னால் ‘நல்ல மண்’ என்று எங்கள் மையம் ஓர் அறிக்கை தர வேண்டும்.

மண் மாதிரி எடுக்க முறை இருக்கிறது. நிலம் முழுக்கக் கோணல்மாணலாக நடந்து, பல இடங்களில் எடுத்து, கலந்து, அதில் ஒரு பங்கைக் கொண்டுவர வேண்டும். இயக்குநர் ஓரிடத்தில் நின்று மண்வெட்டியைப் போட்டார். டங்கென்று திரும்பி வந்தது. இன்னொரு இடம். அங்கேயும் டங். முகேஷ் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, “சார், போட்டோல மண்ணையே காணோம். உங்க வலி மட்டும் விழுகுது” என்றான். அப்புறம் அவனே காலால் உதைத்து உதைத்துத் தேடிப் போய், “சார், இங்க வாங்க! இங்க மெத்துனு இருக்கு!” என்று கத்தினான்.

மெத்தென்று இல்லாமல் வேறெப்படி இருக்கும்? போன வாரம் வரை அங்கே கிடை கிடந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான செம்மறிகள் ராத்திரி ராத்திரி ஒரே இடத்தில் அடைந்து கிடந்த மண். புழுக்கையும் மூத்திரமும் ஊறி, கறுத்து, பொலபொலவென்று.

“சார், இது கிடை போட்ட இடம். இங்க எடுக்கக் கூடாது” என்றேன்.

“ரூத் மேடம், மண்ணு மண்ணுதான? வெயில் ஏறுச்சுன்னா மூஞ்சி கறுப்பா விழுந்துரும்” என்றார்.

மண்வெட்டி சுகமாக இறங்கியது. மண்வெட்டியோடு சிரிப்பு, மண்ணோடு சிரிப்பு, என்னோடு ஒரு சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, படத்தில் பல்வலிக்காரி மாதிரி இருக்கிறேன்.

2023 மே 18

ஆரஞ்சு நிறக் கரைசலை ஊற்றினால் இந்தப் பக்கத்து மண்ணுக்கு அது ஆரஞ்சாகவே நிற்கும். கரிமச்சத்து அவ்வளவு குறைவு. நூற்றுக்கு அரைகூடத் தேறாது. இயக்குநரின் மண்ணுக்கு ஊற்றிய கையோடு பச்சையாகிவிட்டது. கணக்குப் போட்டால் இரண்டை நெருங்குகிறது. ஊட்டி மண்ணின் அளவு. சாம்பல்சத்து கருவியின் அளவையே தாண்டிவிட்டது. தண்ணீர் ஊற்றி ஊற்றி நீர்க்கவைத்துத்தான் அளந்தேன்.

இது மண் பரிசோதனை இல்லை. ஆட்டுக்கு எடுத்த பரிசோதனை.

2023 மே 19

இயக்குநரிடம் சொல்லப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், “பச்சையா ஆச்சாமே! பசுமைத் திட்டத்துக்குப் பச்சை! என்ன ஒரு சகுனம்!” என்றார். அளவுகளை ஏற்கெனவே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். ‘தென் தமிழகத்தின் வளமான வண்டல்’ என்று தலைப்பும் வைத்துவிட்டார். முகேஷ் எடுத்த படம் அட்டையில்.

2023 மே 24

என் செலவில் ஆள் வைத்து, பொட்டலின் நடுவில் ஆளுயரக் குழி ஒன்று வெட்டினேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்யும் வேலைக்குத்தான் எனக்கு உற்சாகம் அதிகம்; ஆலன் இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

உள்ளே இறங்கி நின்று பார்க்க அழகாக இருந்தது. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். மேலே கட்டைவிரல் கனத்துக்குப் பொருக்கு. அதன் கீழ் மாவு மாதிரி நைசான வண்டல். பிறகு ஒரு பட்டை மணல். மறுபடி களி. மறுபடி மணல். ஓடை பெருகி வந்த ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக ஓர் அடுக்கை விட்டுப் போயிருக்கிறது. இடுப்பளவில் சுண்ணாம்புக் கட்டிகள், அதற்குக் கீழே உவர். புல்லின் வேர் மேல் அடுக்கிலேயே வலை பின்னிக்கொண்டு பிழைத்துக்கொள்கிறது. மரத்தின் வேர் கீழே போக நினைக்கும். மணலில் தண்ணீர் கிடைக்காது, களியில் மூச்சுக் கிடைக்காது, சுண்ணாம்பில் வழியே கிடைக்காது. இது புல்லுக்கு என்று அமைந்த மண். மட்டமான மண் இல்லை. இதன் குணம் இது.

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. “என்ன டீச்சர், குழி யாருக்கு?”

ஜெயக்கொடி அக்கா. அந்தக் கிடை ஆடுகளின் சொந்தக்காரர். நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “பரவால்ல டீச்சர்” என்பார்.

“இந்த இடத்துக்கு வேலி போடப் போறாங்கக்கா. தெரியும்ல?”

“தெரியாமயா? ஊர்க்கூட்டத்துல மொத ஆளாக் கைதூக்குனதே நான்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்க ஆடு எங்க மேயும்?”

“உள்ளதான் மேயும். வேலி போட்டா என் கொழுந்தன் மலையாண்டி ஆடு உள்ள வராதுல்ல? அம்புட்டுப் புல்லும் நமக்குத்தான்.” முகத்தில் அப்படியொரு வெற்றி. “போட்டோக்காரத் தம்பி நல்லாச் சொன்னுச்சு, உங்களுக்கு முன்னுரிமைன்னு.”

வேலி கொழுந்தன் ஆடு, உங்கள் ஆடு என்று பிரித்துப் பார்க்காது என்று குழிக்குள்ளிருந்தபடியே விளக்கினேன். குழிக்குள் நிற்பவள் பேச்சுக்கு என்ன மரியாதை? வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

2023 மே 29

இரண்டு அறிக்கைகள் மேசையில். ஒன்று இயக்குநரின் மண்ணுக்கு, ஒன்று என் குழிக்கு. என்னுடையதில் கடைசி வரி: ‘இது மேய்ச்சலுக்கு உகந்த நிலம், மரம் வளர்ப்புக்கு உகந்ததன்று.’

“ரொம்ப நெகட்டிவ்வா இருக்கே மேடம்” என்றார்.

“மண்ணு அப்படித்தான் சார் இருக்கு.”

“மண்ணு அப்படி இருக்கலாம். ரிப்போர்ட் ஏன் அப்படி இருக்கணும்?”

இதற்குப் பதில் சொல்ல வணிகவியல் படித்திருக்க வேண்டும். வளமான வண்டல் அறிக்கையில் ஆய்வாளர் இடத்தில் கையெழுத்துக் கேட்டார். போட மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. “சரி, சிரமப்படாதீங்க” என்று அவரே போட்டுக்கொண்டார். எதிர்ப்புத் தெரிவிப்பதற்காக நான் ராத்திரி முழுக்கத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு அப்படியே வீணாகப் போயிற்று.

ஆலன் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ செஞ்சது சரிதான் ரூத்” என்றார். கொஞ்சம் கழித்து, “நிரந்தரம் ஆனப்புறம் செஞ்சிருந்தா இன்னும் சரியா இருந்திருக்கும்” என்றார்.

2023 ஜூன் 5

உலகச் சுற்றுச்சூழல் தினம். உலகத்துக்கு ஜூனில் வருகிறது. மதுரைக்குக் கன்று நடும் காலம் ஐப்பசியில் வருகிறது. உலகம் ஜெயித்தது.

பந்தல் கால் எங்கேயும் இறங்கவில்லை. கடைசியில் அந்த மெத்தென்ற இடத்திலேயே மேடை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் கன்று நட்டதும் அங்கேதான். மற்ற குழிகளை எல்லாம் ஜேசிபி தோண்டியது. அதற்கே மூச்சு வாங்கியது.

“இந்த மண்ணில் கையை ஊன்றினால் கை முளைக்கும்!” என்று இயக்குநர் பேசினார். கைதட்டல். ஜெயக்கொடி அக்கா முன்வரிசையில், பட்டுச்சேலை. இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த மலையாண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2023 ஜூன் 6

வேலிக்குக் கதவு வைத்தார்கள். பூட்டும்.

2023 ஜூன் 12

என்னைத் தண்ணீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவருவார்கள். உப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொண்டுவருகிறவருக்கும் உப்பு என்று தெரியும். குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

2023 ஜூலை 2

ஆராதனை முடிந்து திரும்பும்போது ஆலன் வண்டியைப் பொட்டல் பக்கம் விட்டார். நான் கேட்கவில்லை, என் முகம் கேட்டிருக்கும்.

டேங்கர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. பொருக்கின் மேல் விழுந்த தண்ணீர் உள்ளே இறங்க மனமில்லாமல் வழிந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னேயெல்லாம் ஆட்டுக் குளம்பு மிதித்து மிதித்து அந்தப் பொருக்கை உடைத்துவிடும். இப்போது உடைக்க ஆளில்லை. வேலிக்கு வெளியே ஆடுகள் வரிசையாக நின்று உள்ளே இருக்கும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தன. மலையாண்டி ஆடும் ஜெயக்கொடி ஆடும் ஒன்றாகவே நின்றன. அவற்றுக்குப் பங்காளிப் பகை தெரியாதுபோல.

2023 ஆகஸ்ட் 10

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும்—

பொட்டல் இல்லாமல் போனதால் ஜெயக்கொடி அக்கா ஆடுகளை நாலுவழிச் சாலை ஓரமாக மேய்த்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் ஒரு லாரி. சினை ஆடுகள் குறுக்கே போயிருக்கின்றன. அவை எப்போதும் மெதுவாகத்தான் நகரும்.

இன்று காலை மையத்துக்கே வந்துவிட்டார். சேலையில் ரத்தக் கறை காய்ந்திருந்தது. இயக்குநரைப் பார்க்க விடவில்லை. தண்ணீர்ப் பிரிவுக்கு யாரும் காவல் இல்லாததால் என்னிடம் வர முடிந்தது.

“டீச்சர், அந்தக் காயிதத்துல நீங்க கையெழுத்துப் போடலையாமே?”

“போடலக்கா.”

“நல்ல மனுசி.” நாற்காலியில் உட்காரவில்லை. “ஆனா வேலி வந்துருச்சே டீச்சர். நீங்க போடாமயே வந்துருச்சே. அப்ப என் ஆட்டுக்கு நீங்க போட்டா என்ன, போடாட்டி என்ன?”

‘கைதூக்குனது நீங்கதானக்கா’ன்னு ஒரு வார்த்த நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அந்தமட்டுக்கும் புத்தி இருந்துச்சு. என்னத்துக்கு இம்புட்டுப் படிச்சேன்? மனசாட்சியைக் கழுவி மடிச்சு பீரோவுல வச்சுக்கவா? ரெண்டு மாசமா ‘நான் போடல, நான் போடல’ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கேன். வெக்கமா இருக்கு.

2023 நவம்பர் 14

மழை. பொட்டலில் கன்றுகளின் குழிகள் எல்லாம் சின்னச் சின்னக் குளங்கள். களி அடுக்கு தண்ணீரைக் கீழே விடவில்லை. கன்றுகள் மஞ்சள். காவலாளி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்: வேர் களி வரை போய், முட்டி, வளைந்து, வந்த வழியே திரும்பியிருக்கிறது. விவரமான வேர்.

கொழுக்கட்டைப்புல் மட்டும் முழங்கால் உயரம். தின்ன நாதியில்லை.

2024 ஜனவரி 19

பொங்கலுக்கு இயக்குநர் பொட்டலில் புதுப் பலகை வைத்திருக்கிறார். ‘அடர்வனம். உள்ளே நுழையாதீர்.’ எங்கே நுழைவது? அந்தப் பக்கத்தில் நிழல் விழுவது அந்தப் பலகையிலிருந்துதான்.

2024 பிப்ரவரி 6

தண்ணீர்ப் பிரிவுக்கு இயக்குநரே இறங்கி வந்தார். பாட்டில்களுக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். கம்பெனி வேறொரு ஆய்வுக்கூடத்து ஆட்களை அடுத்த மாதம் அனுப்புகிறது. அவர்களே மண் எடுப்பார்களாம். மரம் காய்ந்ததைப் பற்றிக் கம்பெனிக்குக் கவலை இல்லை. மரம் காயும் என்று அவர்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் மண் அறிக்கையில் இருக்கும் அளவு மண்ணில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மையத்தின் பெயர் நாறிவிடும்.

“மேடம், என்னத்தப் போட்டா அந்த அளவு வரும்?”

“அன்னைக்கு நீங்க மண்ணெடுத்த இடத்துல என்ன இருந்துச்சோ, அதப் போட்டா வரும் சார்.”

“என்ன இருந்துச்சு?”

“ஆடு சார்.”

போன மே மாதமே சொன்னதை அவர் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். “ஆடுன்னு ஃபைல்ல எழுத முடியாதே மேடம். ஆட்டத் தடுக்கத்தான வேலி?”

“நான் எழுதித் தாரேன் சார்” என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது.

2024 பிப்ரவரி 8

எழுதிவிட்டேன். ‘மேய்ச்சல் நிலங்களில் அங்ககக் கரிம மீட்டெடுப்புக்கான உயிரியல் இயக்கம்.’ முதல் பக்கத்தில் ஆடு என்ற சொல்லே இல்லை. ‘நடமாடும் உயிர் உர அலகுகள்’ என்று இருக்கிறது. அலகுகள் பகலில் ‘மிகைப் புல்லைச் சீரமைத்து’, குளம்பால் ‘மேற்பரப்புப் பொருக்கைத் தளர்த்தி’, இரவில் ‘சுழற்சி முறையில் நிலம் முழுவதும் தங்கும்’. ஒரு வரிகூடப் பொய் இல்லை. படித்துப் பார்க்க எனக்கே அருவருப்பாகவும் பெருமையாகவும் இருந்தது.

கம்பெனியை ஏமாற்றுகிறேனா? ஆமாம் என்றுதான் தோன்றுகிறது. ஏமாறட்டும். கம்பெனி வீட்டுச் சினை ஆடா லாரியில் அடிபட்டது?

இயக்குநர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். “இதத்தான் நான் ஆரம்பத்துலருந்து நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

2024 பிப்ரவரி 21

ஜெயக்கொடி அக்காவிடம் போய்ச் சொன்னேன். கதவைத் திறக்கிறார்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று. காலில் விழுவார், கட்டிப்பிடிப்பார் என்றெல்லாம் வழியில் நினைத்துக்கொண்டே போனேன்.

“கிடைக்கூலி யாரு தாரது?”

“என்ன கூலி?”

“வயக்காட்டுல கிடை போட்டா வயக்காரர் கூலி தருவாக. உரம் அவுகளுக்குத்தான? இப்ப உரம் யாருக்கு? உங்க ஆபீசுக்கு. அப்ப ஆபீசு தரட்டும்.”

“அக்கா, அது உங்க மேய்ச்சல் நெலம்!”

“நெலம் எங்களுதுதான். பூட்டு உங்களுதுல்ல?”

நியாயமாகத்தான் பட்டது. இயக்குநரிடம் போய் ‘அலகுப் பராமரிப்புப் படி’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். ஆனால் அக்காவின் மந்தை மட்டும் போதாது, நிலம் பெரிசு என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதனால் மலையாண்டி மந்தையும் உண்டு. இதை அக்காவிடம் சொன்னபோதுதான் அவர் அழுதார்.

2024 மார்ச் 2

கதவைத் திறந்தார்கள். நாடா கட்டி, கத்தரிக்கோலால் வெட்டித்தான். நாடா விழுவதற்குள் முன்னால் நின்ற கிடா அதைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. முகேஷ் அதைத்தான் முதலில் படமெடுத்தான்.

ஆடுகள் பேச்சுக்கு நிற்கவில்லை. அப்படியே பரவிப் போயின. கொஞ்ச நேரத்தில் பொட்டல் முழுக்கப் புல்லைக் கடிக்கும் சத்தம். நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மிச்சமிருந்த கன்றுகளையும் தின்றுவிட்டன. இயக்குநர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

2024 மார்ச் 26

கம்பெனி அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தாங்களே கொண்டுவந்த, மண்ணைத் துளைத்தெடுக்கும் துரப்பணம். பொருக்கில் வைத்து அழுத்தினார்கள். வளைந்தது. அப்புறம் அங்கேயும் இங்கேயும் காலால் உதைத்துப் பார்த்து, முந்தின நாள் கிடை கிடந்த இடத்துக்குப் போய், “இங்க ஈசியா இருக்கு” என்றார்கள்.

நான் மாதிரிப் பையின் வாயை விரித்துப் பிடித்தேன்.

2024 ஏப்ரல் 15

அளவு வந்துவிட்டது. அறிக்கையில் இருந்ததைவிட அதிகமாம். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்தது, இனி ஆட்டை வெளியே அனுப்பிவிடலாம் என்று பேசுகிறார்.

2024 ஏப்ரல் 16

தூக்கம் இல்லை. அக்காவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

2024 ஜூலை 9

ஏப்ரலில் ஒரு வாய்தா வாங்கியிருந்தேன்: ‘வெளியேற்றும் முன் ஒருமுறை முறைப்படி மண் எடுத்துப் பார்ப்போம் சார், கோடை கழியட்டும்.’ போன வாரம் நானே நிலம் முழுக்கக் கோணல்மாணலாக நடந்தேன். மார்ச்சில் கிடை கிடந்த இடங்களையும் சேர்த்தே எடுத்தேன். கலந்தேன், அளந்தேன், சந்தேகப்பட்டு மறுபடி அளந்தேன். நூற்றுக்கு அரையைத் தொடவில்லை. கரைசல் ஆரஞ்சாகவே நின்றது.

இயக்குநர் திடுக்கிட்டார். “மார்ச்ல அம்புட்டு வந்துச்சே! எங்க போச்சு?”

“காத்துல போயிருச்சு சார். இந்த வண்டல் அப்படித்தான். மழை கொஞ்சம், வெயில் ஜாஸ்தி. மட்கு எதுவும் தங்காது. எம்புட்டுப் போட்டாலும் ஒரு கோடையில எரிஞ்சு போகும்.”

“கம்பெனி வருஷாவருஷம் எடுத்துப் பாக்குமாம் மேடம்.”

“அப்ப வருஷாவருஷம் ஆடு இருக்கணும் சார்.”

“எத்தன வருஷத்துக்கு?”

“மண்ணு இருக்குற வரைக்கும்.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் முழுக்க முழுக்க உண்மை பேசிக்கொண்டிருந்ததால் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது.

2024 ஜூலை 30

அறக்கட்டளையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பெரியபொட்டலில் உயிர் உர அலகுகளின் பணி நிரந்தரமாக்கப்படுகிறது. கதவைக் கழற்றிவிடலாம், காவலாளி தேவையில்லை என்றும் இருக்கிறது.

பிரதியை எடுத்துக்கொண்டு போய் ஜெயக்கொடி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “நிரந்தரம்னா?” என்று கேட்டார். இனி யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது என்றேன். அக்கா ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

“உங்களுக்கு நிரந்தரம் ஆயிருச்சா டீச்சர்?” என்று கிளம்பும்போது கேட்டார்.

“இல்லக்கா. மொதல்ல ஆட்டுக்குத்தான்.”